முதல் அத்தியாயங்களோடு நின்றவர்கள்

குமரி மாவட்டத்துக் கடற்கரையில் பிறந்து தமிழ்நாடெங்கும் பேசப்பட்ட நாவல் ஒன்று, நம்மவர் வீட்டு அலமாரிகளில் முதல் சில அத்தியாயங்கள் மட்டும் படிக்கப்பட்ட நிலையில் இருந்து வருகிறது. மறைந்த தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யையே குறிப்பிடுகிறேன். ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்து, 1988இல் நூலுருப் பெற்ற நாவல் அது. பின்னர் ‘சாய்வு நாற்காலி’ என்னும் நாவலுக்காக 1997ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது அவருக்குக் கிடைத்தபோது, நம்மவர் பலர் பெருமையோடு அவருடைய நூல்களை வாங்கினர். வாங்கியவர்களுள் எத்தனை பேர் கடைசிப் பக்கத்தைக் கண்டனர் என்று என்னைக் கேட்டால், எனக்குத் தெரிந்த வட்டத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பேன்.

பாதியில் விடுதல் என்பது நமக்கு இயல்பாக வருவதன்று. நாம் வளர்ந்த முறையே வேறு. அலிஃப், பே ஓதத் தொடங்கிய பிள்ளை குர்ஆனை முழுமையாக ஓதி முடித்தால்தான் வீட்டில் விருந்து. பாதி ஓதிய பிள்ளைக்கு யாரும் மாலை போடுவதில்லை. மத்ரஸாவிலும் ஸஹீஹுல் புகாரியின் கடைசி ஹதீஸை ஓதி முடிக்கும் நாள்தான் பெருநாள். தக்கலையிலோ, ரஜப் மாதத்தில் பீர் முஹம்மது அப்பாவின் நினைவு நாள் இரவில் அன்னாரது ஞானப்புகழ்ச்சியைப் பாடத் தொடங்கினால் விடிய விடிய அமர்ந்து முழுவதையும் பாடி நிறைவு செய்வதே மரபு. சிறுவயதில் அந்த இரவில் தூங்கி விழுந்தவர்களைத் தட்டி எழுப்பும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தொடங்கியதைக் கத்தம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் இவ்வாறு நம் இரத்தத்தில் ஊறியது. அதனால்தான் ஒரு கதைப் புத்தகத்தை மூடி வைக்கும்போதும் ஏதோ தவறு செய்துவிட்டாற்போல் நம்மவர்க்கு ஒரு கூச்சம் உண்டாகிறது. நாவல் என்று பேச்செடுத்தாலே, “எடுத்தேன், முடிக்க நேரம் வாய்க்கவில்லை” என்று காரணம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

அந்தக் கூச்சம் வேண்டியதில்லை. நாவலைக் கத்தம் செய்வது யார்மீதும் கடமையன்று. எடுத்த எடுப்பிலேயே சுவையற்றுப் போன எத்தனையோ கதைகளை நான் மூடி வைத்திருக்கிறேன். அவற்றுக்காக ஒரு நாளும் வருந்தியதில்லை. ஆயுள் குறுகியது, நூல்கள் பல. ஆயினும் எதனால் மூடுகிறோம் என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சரக்கு மட்டமானது என்று கண்டு கடையை விட்டு இறங்குவது வேறு, படி உயரம் என்று வாசலிலேயே திரும்பிவிடுவது வேறு.

பெருநூல்களுக்கெல்லாம் வாசற்படி சற்று உயரமாகவே இருக்கும். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தையே எடுத்துக்கொள்வோம். பெருமானார் (ஸல்) அவர்களின் பிறப்பைக் காண ஆவலோடு நூலைத் திறப்பவன், கடவுள் வாழ்த்து, நாட்டுப் படலம், நகரப் படலம், தலைமுறைப் படலம் ஆகியவற்றைக் கடந்த பின்னரே நபியவதாரப் படலத்தை அடைகிறான். வயலும் கழனியும் சூழ்ந்த ஓர் அரபு நாட்டை வருணிக்கும் நாட்டுப் படலத்திலேயே களைத்து நின்றவர்கள் அநேகர். இடலாக்குடி சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் அந்நூலுக்கு உரை எழுதியதும், அந்தப் படியில் ஏற முடியாமல் நின்றவர்களுக்குக் கைகொடுக்கத்தானே!

மீரானின் நாவலில் அந்த வாசற்படி, மொழி. தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த ஆலிம் ஒருவர் எனக்கு நெடுநாள் நண்பர். அரபியில் நல்ல புலமை, தமிழிலும் தேர்ந்த வாசிப்பு. இந்த நாவலை அவருக்கு நானே அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து ஒரு திருமணத்திற்காக நாகர்கோவில் வந்தவர், நூலையும் கையோடு கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

“ஹஜ்ரத், இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஜாஹிலிய்யாக் காலத்துக் கவிதைகளை விளங்கிக்கொள்ள எனக்கு அகராதி இருக்கிறது. உங்கள் ஊர்த் தமிழுக்கு அகராதி எங்கே இருக்கிறது?”

நான் சிரித்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், விளவங்கோடு, கல்குளம் பக்கங்களில், ஒருவர் தாகத்துக்கு ‘வெள்ளம்’ கேட்டால் சோழ நாட்டார் காவிரியின் பெருக்கை நினைப்பர். ‘சக்கை’ பழுத்துவிட்டது என்றால், சாறு பிழிந்தெடுத்த சக்கை எவ்வாறு பழுக்கும் என்று திகைப்பர். இங்கே அது பலாப்பழம். சொல்வதைப் ‘பறைதல்’ என்போம், அழைப்பதை ‘விளித்தல்’ என்போம். நாஞ்சில் நாட்டு நெல்வயல் ஓரத்தில் வளர்ந்த நானே, தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரைக்குச் சென்று நின்றால் ஓரிரு சொற்களில் தயங்குவதுண்டு. இருபது கல் தொலைவுக்குள் பேச்சு அவ்வளவு மாறுகிறது.

மீரான் 1944இல் அந்தத் தேங்காய்ப்பட்டணத்தில்தான் பிறந்தார். குழித்துறை ஆறு கடலோடு கலக்குமிடம் அது. அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பகுதி. 1956 நவம்பர் முதல் நாளில்தான் இந்த மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அவர் பள்ளியில் படித்தது மலையாளத்தில். பின்னாளில் திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வணிகம் செய்துகொண்டே எழுதினார். ஏட்டுத் தமிழைக் கற்று அதில் நாவலைச் சமைக்கும் பழக்கம் அவருக்கு வாய்க்கவில்லை. தாயிடமும் பள்ளிவாசல் முற்றத்திலும் மீன் கரையிலும் கேட்ட பேச்சை அப்படியே காகிதத்தில் இறக்கினார். அதில் தமிழும் மலையாளமும், நாம் அன்றாடம் புழங்கித் தேய்த்த அரபுச் சொற்களும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன.

அரபு உலகிலும் இவ்வழக்கு நடந்தது. எகிப்தின் முஹம்மது ஹுஸைன் ஹைக்கல், 1913இல் வெளியிட்ட ‘ஸைனப்’ என்னும் நாவலில் உழவர்களை உழவர்களின் கொச்சை மொழியிலேயே பேச வைத்தார். பின்வந்த நஜீப் மஹ்ஃபூஸோ, காஹிராவின் சந்துக் கடைக்காரனையும் ஃபுஸ்ஹா எனப்படும் செம்மொழியிலேயே பேச வைத்தார். மொரோக்கோ முதல் இராக் வரை எவரும் அகராதியின்றிப் படித்தனர். எது சிறந்தது என்று அங்கே இன்னும் வாதிடுகிறார்கள். இலக்கணம் கற்பிப்பவன் என்ற முறையில் என் மனம் மஹ்ஃபூஸின் பக்கம் சாய வேண்டும். ஆனால் தேங்காய்ப்பட்டணத்து மீன்காரனைச் செந்தமிழில் பேச வைத்திருந்தால் அவன் மீன்காரனாக இருந்திருக்க மாட்டான் என்பதும் எனக்குத் தெரிகிறது. இவ்விடத்தில் இலக்கண ஆசிரியன் தோற்றுப் போவதே நல்லது.

நண்பர் என் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். இஷாவுக்குப் பின் திண்ணையில் அமர்ந்து, அவர் விட்ட இடத்திலிருந்து நான் உரக்க வாசித்தேன். பேச்சு வரும் இடங்களில் மேற்குப் பகுதியின் இழுப்போடு வாசித்தேன். அச்சில் பார்த்தபோது கல்லாகக் கிடந்த சொற்கள் காதில் விழுந்தபோது இளகின. ஒரு வசைமொழியைக் கேட்டு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். ‘விளி’ என்பது தொல்காப்பியர் விளிமரபு என்று பெயரிட்ட அதே விளி என்று நான் சொன்னேன். ‘மெதுவாக’ என்பதற்கு நம்மூரார் சொல்லும் ‘பைய’, குறளிலேயே இருக்கிறது. பேச்சில் வரும் ‘பலாய்’ என்பது அரபியின் ‘பலாஉ’ என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். திக்கித் திணறிச் சிரமத்தோடு குர்ஆனை ஓதுகிறவருக்கு இரண்டு நற்கூலி உண்டு என்ற நபிமொழியை மாணவர்களுக்கு நாம் ஓயாமல் சொல்கிறோம். அது இறைவேதத்துக்கு உரிய சிறப்பு. கதைப் புத்தகத்துக்கு அதைப் பொருத்த நான் துணியேன். என்றாலும், திணறுதல் என்பது வாசிப்பின் ஒரு பகுதியே என்பதை அந்த நபிமொழியில் வளர்ந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டுமல்லவா? ஊருக்குப் புறப்படும்போது நண்பர் நூலைத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இது எளிதில் தீரும் தடை. இன்னொரு தடை இருக்கிறது. அது நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

என் மைத்துனர் ஒருவர் அந்த மேற்குப் பகுதியைச் சேர்ந்தவர். நாவலின் ஒவ்வொரு சொல்லும் அவருக்குத் தாய்ப்பால். அவருக்கு அகராதி தேவையில்லை. அவரும் தொடக்க அத்தியாயங்களோடு நூலை மூடினார்.

“மச்சான், நம்ம வீட்டு அழுக்கை நாமே ஊர் நடுவில் கொண்டுவந்து துவைக்க வேண்டுமா? பள்ளிவாசலையும் ஜமாஅத்தையும் பற்றிப் பிறர் என்ன நினைப்பார்கள்? ஓர் ஆலிம், நீங்கள் இதை ஊர் ஊராக அனுப்பலாமா?”

கேள்வி என்னை நோக்கியது. ஆகவே பதில் சொல்லும் கடமையும் எனக்கு உண்டு.

நாவலைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடிவைச் சொல்ல மாட்டேன். வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி என்பவர் ஊரைக் கைக்குள் வைத்திருக்கிறார். நிலமும் பள்ளிவாசலும் அவர் சொற்படி. அவரை எதிர்த்துப் பேசும் துணிவு மஹ்மூது என்ற ஒரு வணிகருக்கே இருக்கிறது. கடல் கடந்து வந்த தங்ஙள் ஒருவர், தம் வமிசப் பெருமையையும் மந்திர நீரையும் காட்டி ஊராரின் பணத்தையும் நம்பிக்கையையும் சுரண்டுகிறார். பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கல்வி தர ஓர் ஆசிரியர் வருகிறார். பள்ளிக்கூடம் ஹராம் என்று சொல்லப்படுகிறது. என் மைத்துனர் மூடியது, முதலாளியின் ஆட்டம் உச்சத்தில் இருந்த பக்கங்களில். அந்த ஆட்டத்துக்கு ஊரும் காலமும் சொன்ன பதில் பிற்பகுதியில் இருக்கிறது.

இனி, போலித் துறவியைக் கதையில் காட்டுவது மார்க்கத்துக்கு இழுக்கா? இதற்கு விடை காண நான் வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. நம் மத்ரஸாவின் பாடப் புத்தகமே போதும். ஹிஜ்ரி 516இல் மறைந்த ஹரீரியின் ‘மகாமாத்’ நூலைத் தலைமுறை தலைமுறையாக ஓதிக் கொடுத்து வருகிறோம். அதன் முதல் மகாமாவில் என்ன நிகழ்கிறது? ஹாரிஸ் இப்னு ஹம்மாம் யமன் நாட்டு ஸன்ஆ நகருக்கு வருகிறார். அங்கே ஒருவர் உலகத்தின் நிலையாமையையும் மறுமையின் அச்சத்தையும் எடுத்துரைக்க, கூட்டம் விம்மி அழுகிறது; காசும் கொட்டுகிறது. உரை முடித்தவர் மெல்ல நழுவி ஒரு குகைக்குள் நுழைகிறார். ஹாரிஸ் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தால், வெண்ணிற ரொட்டியும் வறுத்த ஆட்டுக்குட்டியும் எதிரே ஒரு மதுச் சாடியுமாக அந்த உபதேசி அமர்ந்திருக்கிறார்! ஸரூஜ் ஊர் அபூஸைத் என்ற அந்த ஏமாற்றுக்காரர்தான் நூல் முழுவதற்கும் நாயகர்.

இந்த நூலைக் கற்பித்த உலமாக்கள் எவரும், இது உபதேசிகளை இழிவுபடுத்துகிறது என்று தடுத்ததில்லை. சொல்லழகுக்காகக் கற்பித்தோம் என்பர். உண்மைதான். ஆனால் கதையைப் பிய்த்தெறிந்துவிட்டுச் சொல்லை மட்டும் கற்பிக்க முடியாது. பதினைந்து வயதில் அந்தக் குகை வாசலில் ஹாரிஸோடு நானும் நின்று திகைத்தேன். மிம்பரில் ஒலிப்பதெல்லாம் ஈமான் ஆகிவிடாது என்பதை எனக்கு முதலில் உணர்த்தியது அந்தப் பாடம். (ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். நூலில் உள்ள மகாமாக்கள் 50. நம் நாட்டு மத்ரஸாக்கள் பலவற்றில் பாடமாக வைத்திருப்பது முதல் பத்து மட்டுமே. முதல் அத்தியாயங்களோடு நின்று, அதையே பாடத்திட்டம் ஆக்கிய பெருமை நமக்கு உண்டு! அபூஸைத் கடைசி மகாமாவில் தவ்பாச் செய்து பள்ளிவாசலில் ஒதுங்குவதை அந்த மாணவர்கள் அறிய மாட்டார்கள்.)

ஹரீரிக்குக் கொடுத்த உரிமையைத் தேங்காய்ப்பட்டணத்தாருக்கு ஏன் மறுக்கிறோம்? ஸன்ஆ தொலைவில் இருக்கிறது. தேங்காய்ப்பட்டணம் பேருந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அபூஸைதை நாம் எங்கும் சந்திக்கப் போவதில்லை. அகமதுக்கண்ணு முதலாளியின் சாயலுடையவரோடு வெள்ளிதோறும் ஸஃப்பில் தோள் உரச நிற்க நேரிடுகிறது. மைத்துனரிடம் இதைச் சொன்னேன். அவர் பேசவில்லை.

அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, இரு தரப்பாரும் முன்னால் அமர்ந்தால், முதலாமவர் சொல்லைக் கேட்டதுபோலவே அடுத்தவர் சொல்லையும் கேளாமல் தீர்ப்பளிக்க வேண்டாம் என்று பெருமானார் (ஸல்) அறிவுறுத்தினார்கள். முதற்பாதியை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதுவதன் விபரீதத்தை எகிப்து கண்டது. மீரானின் நாவல் நூலாக வந்த அதே 1988இல் நோபல் பரிசு பெற்றவர் மஹ்ஃபூஸ். அவருடைய ‘எங்கள் தெருப் பிள்ளைகள்’, 1959இல் அல்அஹ்ராம் நாளேட்டில் தொடராக வந்தபோதே அறிஞர் பலரின் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. நபிமார்களின் சாயலில் தெருவாசிகளைப் படைத்த அந்த நாவலை நானும் ஏற்பவனல்லன். ஆனால் 1994 அக்டோபரில் அந்த 82 வயது முதியவரின் கழுத்தில் கத்தியைப் பாய்ச்சிய இளைஞன், தான் அந்த நாவலைப் படித்ததே இல்லை என்று சொன்னான். முதல் அத்தியாயம்கூட இல்லை! உயிர் பிழைத்த மஹ்ஃபூஸால் அதன்பின் பழையபடி பேனா பிடித்து எழுத முடியவில்லை. நூலை மறுப்பவன் அதைப் படித்துவிட்டு மறுக்கட்டும். மறுப்பும் அப்போதுதான் கனம் பெறும். நம் இமாம்கள் பிற கொள்கையினரை மறுத்து எழுதிய நூல்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மறுக்கப்படுவோரின் வாதத்தை அவர்களைவிடத் தெளிவாக எடுத்து எழுதிவிட்டே கஸ்ஸாலி இமாம் மறுப்புத் தொடங்குவார்.

எனக்கு இந்த நாவலில் ஒரு சொந்தப் பங்கும் உண்டு. அது பள்ளிக்கூடத்தைப் பற்றியது. பள்ளிக்கூடத்துக்கு எதிராக அந்த ஊரில் எழும் குரல், என்னைப் போன்று கிதாபு ஓதியவர்களின் பெயரால் எழும் குரல். படிக்கும்போது சுடத்தான் செய்கிறது. ஆயினும் அது நம் வரலாற்றின் ஒரு பக்கமே. அதே திருவிதாங்கூரில் வக்கம் மௌலவி (1873–1932), மார்க்க அறிஞராக இருந்துகொண்டே, முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வி வேண்டும் என்று உழைத்தார். 1905இல் அவர் தொடங்கிய ‘சுதேசாபிமானி’யின் அச்சகத்தை 1910இல் சமஸ்தானம் பறிமுதல் செய்தது. கடலுக்கு அப்பால் கண்டியில் அறிஞர் சித்திலெப்பை, 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கியவர், 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்ற நாவலை வெளியிட்டார். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்து ஆறே ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. தமிழ் நாவல் தவழ்ந்த காலத்திலேயே நம்மவர் ஒருவர் கைகொடுத்தார். அவரும் முஸ்லிம்களுக்குப் பள்ளிக்கூடங்கள் வேண்டுமென்று வாழ்நாளெல்லாம் போராடியவர். நூற்றாண்டு கழித்து மீரான் எழுதவந்தபோதும் பொருள் பள்ளிக்கூடமாகவே இருந்தது என்றால், நாம் எவ்வளவு மெல்ல நடந்திருக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஊரின் முதல் பள்ளிக்கூடத்தை எப்படி வரவேற்றோம் என்ற கேள்வியை எந்தச் சமூக வரலாற்று நூலும் என்னை இவ்வளவு நெருங்கி நின்று கேட்டதில்லை. அந்தக் கேள்வி நாவலின் தொடக்கத்தில் எழுவதில்லை. தொடக்கத்தில் நாம் முதலாளியின் அதிகாரத்தோடு பழகிக்கொண்டிருக்கிறோம். அவருடைய அதிகாரம் எவ்வளவு பெரியது என்று தெரிந்த பின்னர்தான், ஓர் ஆசிரியரும் சில பிள்ளைகளும் அதற்கு ஏன் அவ்வளவு பெரிய அச்சுறுத்தலாகிறார்கள் என்பது விளங்குகிறது.

அதிராம்பட்டினத்து நண்பர் நூலை முடித்துவிட்டு நீண்ட கடிதம் எழுதினார். அதில் பாதி புகழ்ச்சி, பாதி சண்டை. தங்ஙளின் பாத்திரத்தை மீரான் மிகைப்படுத்திவிட்டார் என்பது அவர் கருத்து. இதுபற்றி இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மைத்துனர் நூலைத் திறக்கவில்லை. அவருடைய மகன் வயிற்றுப் பேத்தி, நாகர்கோவிலில் கல்லூரியில் படிப்பவள், அலமாரியிலிருந்து அதை எடுத்துப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். நகரத்தில் வளர்ந்த பிள்ளையாதலால் பழைய கடற்கரைச் சொற்கள் அவளுக்குத் தெரியாது. தெரியாத சொல் வரும்போதெல்லாம், “உப்பா, இதுக்கு என்ன அர்த்தம்?” என்று பாட்டனாரிடம் போய் நிற்கிறாளாம். அவரும் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, சொல்லுக்குப் பொருளும் அந்தச் சொல்லைத் தம் தகப்பனார் எப்போது எப்படிச் சொல்லுவார் என்பதும் சேர்த்து அரை மணி நேரம் விளக்குகிறாராம். சென்ற வாரம் கேட்டபோது அவள் பத்தாம் அத்தியாயத்தைக் கடந்திருந்தாள்.